மழை விடுவதற்குள் தூண்டில் சாமான்களைத் தயார் செய்வது எப்படி: நீலகிரிக்காரர்களுக்காக

ஆகஸ்ட் கடைசியில் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் "எமரால்டு டேம்ல தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு, அவலாஞ்சி ரோடு திறந்தாச்சா" என்று போன் போட்டு விசாரிக்கிற ஆள் நீங்கள் என்றால், தூண்டில் சாமான்களை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். மழை முழுசாக விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், கிளம்புகிற அன்று காலையில்தான் தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலின் கைப்பிடி திரும்பாமல் நிற்பதும், கம்பின் நுனி வளையம் உடைந்திருப்பதும் கண்ணில் படும். அந்த நேரத்துக்கு ஊட்டியில் பாகம் தேடி அலைய முடியாது, பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்குள் நல்ல வாரம் ஒன்று போய்விடும்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீல் பராமரிப்பு என்று தேடினால் கிடைக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை கடலில் மீன் பிடிக்கிறவர்களுக்கானவை. தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் உப்புதான் பகை, அதனால் அவர்கள் கெட்டியான கிரீஸைத் தாராளமாகப் பூசி ரீலை மூடச் சொல்கிறார்கள். அதை அப்படியே இங்கே செய்தால் ரீல் பாழாகும். மலையில் உப்பு இல்லை. இங்கே இருப்பது ஈரமும் குளிரும். ஜூனில் தொடங்கினால் மாதக்கணக்கில் பீரோவுக்குள் இருக்கிற சட்டையில்கூடப் பூசணம் பிடிக்கிற ஊர் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரிக் காற்றில் மூடி வைத்த பைக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இங்கே செய்ய வேண்டிய வேலை மூன்றுதான்: காய வைப்பது, பூசணத்தையும் துருவையும் எடுப்பது, குளிரில் உறையாத மெல்லிய எண்ணெய் போடுவது.

முதலில் எல்லாவற்றையும் கொட்டுங்கள்

பையில் இருப்பதை ஒன்றுவிடாமல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பரப்புங்கள். பெட்டி மூடிகளைத் திறந்தே வையுங்கள். பை, ரீல் உறை, கம்பு உறை எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பிப் போடுங்கள், பூசணம் இருப்பது உள்பக்கம்தான். வெயில் வந்தால் துணிச் சாமான்களை வெயிலில் போடலாம். நரம்பை மட்டும் நிழலிலேயே வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். வெயிலே வரவில்லை என்றால் காற்றோட்டமான அறையில் மின்விசிறி போட்டு வைத்தால் போதும், ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்கிற வேலை வேண்டாம். கம்பில் இருக்கிற பசையும் கார்க் பிடியும் சூட்டில் விட்டுப்போகும்.

ரீல்

எல்லாருக்கும் பயம் ரீலைத் திறப்பதில்தான். ஸ்பின்னிங் ரீல் என்றால் அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் துணி, கையில் பொருந்துகிற சின்ன ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், காதுக் குச்சி, கொஞ்சம் மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், லேசான வெள்ளை லித்தியம் கிரீஸ், இவ்வளவுதான். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக வையுங்கள். பக்க மூடியில் மூன்று நான்கு ஸ்க்ரூ இருக்கும். அதில் ஒன்று மற்றவற்றைவிட நீளமாகவோ குட்டையாகவோ இருப்பது சகஜம். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று தெரியாமல் போனால், நீளமானதைத் தப்பான இடத்தில் முறுக்கி உள்ளே இருக்கிற பாகத்தைக் குத்திவிடுவீர்கள்.

முன்னால் இருக்கிற டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியே போக வேண்டும் என்று வைக்கிற திருகு) கழற்றினால், நரம்பு சுற்றியிருக்கிற ஸ்பூல் வெளியே வரும். ஸ்பூலுக்கு அடியில், தண்டில் மெல்லிய வாஷர் ஒன்றோ இரண்டோ இருக்கும், ஸ்பூலோடு ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்துவிடும், கவனம். அடுத்து கைப்பிடியைக் கழற்றிவிட்டு, பக்க மூடியைத் திறங்கள். உள்ளே பெரிய பல்சக்கரமும், அதோடு சேர்கிற சின்னப் பல்சக்கரமும் தெரியும். பழைய கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்துப் போயிருந்தால் தேய்மானத் துகள் கலந்திருக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, இந்த ஊர் ரீல்களில் அதுதான் நிறையப் பார்க்கலாம். வெளுத்த கிரீஸை விட்டுவைக்கவே கூடாது. பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுப் பல் இடுக்கு ஒவ்வொன்றையும் தேய்த்து, துணியால் ஒற்றி, முழுசாக உலரவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும், நெருப்பு ஆபத்தும் இருக்கிறது.

பிறகு புதுக் கிரீஸ். பல்லின் மேல் மெல்லிய படலமாக இருந்தால் போதும். பஸ், லாரிக்குப் போடுகிற கிரீஸைத் தொடாதீர்கள். டிசம்பரில் உறைபனி விழுகிற காலையில் அது மெழுகு மாதிரி இறுகிவிடும், ரீல் கல்லாகச் சுற்றும். இதே காரணத்துக்காகத் தேங்காய் எண்ணெயும் ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஊட்டியில் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலிலேயே கட்டியாக நிற்கிற எண்ணெயை ரீலுக்குள் விட்டால் என்ன ஆகும்? போதாததற்கு நாளாக ஆக அது சிக்குப் பிடிக்கும். தையல் கடையில் கேட்டால் மெஷின் எண்ணெய் சின்னக் குப்பியில் கிடைக்கும், ஒரு குப்பி ரெண்டு சீசனுக்கு வரும்.

எண்ணெய் எங்கே, கிரீஸ் எங்கே என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பல்சக்கரத்துக்குக் கிரீஸ். வேகமாகச் சுற்றுகிற பேரிங்குகளுக்கும், கைப்பிடி உருளைக்கும், நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடுகிற வளைந்த பெயில் கம்பியின் மூட்டுக்கும் எண்ணெய், அதுவும் ஒரே ஒரு சொட்டு. கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் தடுக்கிற ரோலர் பேரிங் ஒன்று இருக்கிறதே, அதற்குக் கிரீஸ் படவே கூடாது. உள்ளே இருக்கிற சின்ன உருளைகள் கிரீஸில் வழுக்கி, குளிர் நேரத்தில் பிடிமானம் இல்லாமல் போய், மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சரேலென்று சுற்றி விரல் முட்டியைப் பதம் பார்க்கும். அது சுத்தமாக இருந்தால் தொடாமல் விடுங்கள். அழுக்காக இருந்தால் துடைத்துவிட்டு ஊசி முனையில் தொட்ட அளவு எண்ணெய் வைத்தால் போதும். துரு எடுக்கிற ஸ்ப்ரே எதையும் ரீலுக்குள் அடித்துவிட்டு அதுதான் எண்ணெய் என்று விட்டுவிடக் கூடாது. அது இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்ற மட்டும் அது உதவும்.

எல்லாரும் மறக்கிற பாகம் லைன் ரோலர். பெயில் கம்பியின் ஓரத்தில், நரம்பு வளைந்து ஸ்பூலுக்குப் போகிற இடத்தில் இருக்கிற குட்டி உருளை. இது சுற்ற வேண்டும். விரல் நுனியால் தள்ளிப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். நரம்பை அதன்மேல் போட்டு, லேசாக இழுத்துக்கொண்டே கூர்ந்து பாருங்கள். உருளை நின்ற இடத்திலேயே நின்று, நரம்பு மட்டும் உரசிக்கொண்டு போகிறதா? அப்படியானால் அந்த ரீலில் நீங்கள் என்ன விலை கொடுத்து வாங்கிய நரம்பைப் போட்டாலும் ஒவ்வொரு வீச்சிலும் அது தேய்கிறது, முறுக்கும் ஏறுகிறது. கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உருளையில் கோடு விழுந்திருந்தால், நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டும், மாற்றிவிடுங்கள். சீசன் நடக்கும்போதும் இந்த ஒரு இடத்துக்கு அடிக்கடி ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருங்கள்.

டிராக் வாஷர்களைப் பாருங்கள். கம்பளி வாஷர் என்றால் அமுங்கித் தட்டையாகியிருக்கலாம், லேசாக டிராக் கிரீஸ் தடவுங்கள். கறுப்புக் கார்பன் வாஷர்களில் சில கிரீஸோடும் சில உலர்ந்தும் வேலை செய்யும், கழற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிப் போடுங்கள். மழைக்காலம் முழுக்க டிராக்கை இறுக்கியே வைத்திருந்தால் வாஷர் அமுங்கிக் கெட்டுப்போகும், அப்புறம் மீன் ஓடும்போது நரம்பு சீராகப் போகாமல் விட்டுவிட்டு வெட்டும். இனிமேல் ரீலை எடுத்து வைக்கும்போதெல்லாம் டிராக்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள். கழுவும்போது மட்டும் உள்ளே தண்ணீர் இறங்காமல் இருக்க இறுக்கிக்கொள்ளலாம். குழாயை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தாலே போதும், ஏரியில் இருப்பது நல்ல தண்ணீர்தான்.

கழற்றிய குட்டி கிளிப்போ ஸ்க்ரூவோ தொலைந்தாலும், மரை தேய்ந்தாலும் முதலில் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டுங்கள். பாதி நேரம் அவர் டப்பாவிலேயே பொருந்துகிற ஒன்று இருக்கும்.

நரம்பு

ரீலுக்கு அடுத்து மனசு வைக்க வேண்டியது நரம்பில். மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்கிற கதைகளில் பாதிக்கு மேல் நரம்பு ஏற்கெனவே செத்துப்போயிருந்தது என்பதுதான் உண்மை.

நைலான் நரம்பைக் கெடுப்பது முக்கியமாக வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அது சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 2,240 மீட்டரில். குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் நரம்புக்கு உறைக்கும். கார் பின்கண்ணாடிக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் ரீலை வைப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பை மாற்றியே ஆக வேண்டும். மற்றவர்களும் மாற்றிவிடுவதுதான் நல்லது, இந்தப் பையிலேயே மலிவான பொருள் அதுதான்.

மாற்ற வேண்டுமா என்று சோதிக்க, ஸ்பூலிலிருந்து பத்து மீட்டர் போல இழுத்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நகங்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டுங்கள். எங்கேயாவது சொரசொரப்பு தட்டினால் அங்கே கல்லில் உரசியிருக்கிறது. எமரால்டிலும் அவலாஞ்சியிலும் இது சாதாரணம். ரெண்டும் குந்தா மின்திட்டத்தின் அணைகள், கரண்ட் எடுக்க எடுக்கத் தண்ணீர் இறங்கும் ஏறும், கரை முழுக்கப் பாறையும் மூழ்கிய மரக்கட்டையும் இருக்கும். அடுத்து நரம்பைத் தரையில் தளர்வாக விடுங்கள். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டே கிடந்தால், நிறம் வெளுத்துப் பளபளப்பு போயிருந்தால், தூக்கிப் போடலாம். கடைசியாக ஒரு முடிச்சுப் போட்டு வெட்டி இழுத்துப் பாருங்கள். எட்டுப் பவுண்டு எடை தாங்க வேண்டிய நரம்பு கை இழுப்புக்கே பொட்டென்று அறுந்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

குளிரில் நைலான் விறைக்கும், சுருளும் கூடும், அதனால் இங்கே கனமான நரம்பைச் சின்ன ஸ்பூலில் திணிப்பது வீண். ட்ரவுட் மீனுக்கு 0.20 முதல் 0.25 மி.மீ. மென்மையான நரம்பே தாராளம். கெண்டைக்குப் போகிறவர்கள் 0.30-க்கு மேல் போகலாம். ஊட்டி ஏரியில் 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டையின் வம்சம் அது, பெரிதாக வளரும், கனமாக இழுக்கும், மெல்லிய நரம்பில் விளையாடிப் பார்க்கிற மீன் அல்ல.

புது நரம்பைச் சுற்றும்போது அவசரப்படாதீர்கள். கடைச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் சுருள் தளரும். அப்புறம் சுருளின் லேபிள் மேலே பார்க்கிற மாதிரித் தரையில் படுக்க வைத்து, கம்பின் முதல் வளையம் வழியாக நரம்பை விட்டு, ஈரத் துணியால் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். நிறுத்தி நரம்பைத் தளர்த்துங்கள். தளர்ந்த இடம் தானாக முறுக்கிக்கொண்டால், தரையில் இருக்கிற சுருளைக் குப்புறத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். இந்த ஒரு சோதனை சீசன் முழுவதும் சிக்கெடுக்கிற வேலையைக் குறைக்கும். ஸ்பூல் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வீசும்போது கொத்தாக அவிழும், ரொம்பக் குறைத்தால் தூரம் போகாது.

பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போடுகிறவர்களுக்கு: அது சீக்கிரம் சாகாது, அதனால் வெளுத்த உடனே தூக்கிப் போட வேண்டாம். முன்பாதி தேய்ந்து வெளுத்திருந்தால் முழு நரம்பையும் வேறொரு ஸ்பூலுக்கு நேராகச் சுற்றி மாற்றுங்கள், அடியில் இருந்த புதுசு மேலே வரும். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள், இல்லையென்றால் மொத்தமும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும்.

வெட்டிப்போட்ட பழைய நரம்பை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். அது மக்காது. நீர்க்காகமும் வாத்தும் காலில் சுற்றிக்கொண்டு பறக்க முடியாமல் செத்துப்போகும், மேய வருகிற மாடு விழுங்கும். வீட்டில் கத்தரியால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பழைய பாட்டிலில் போட்டு மூடி, குப்பை வண்டியில் கொடுங்கள். பையிலும் ஒரு குட்டி டப்பா வைத்துக்கொள்ளுங்கள், கரையில் மற்றவர்கள் விட்டுப்போனதையும் எடுத்துப் போடலாம்.

கம்பு

கம்பு மீன் இழுத்து உடைவது அபூர்வம். கார் கதவிலும், பஸ் படியிலும், சுவரில் சாத்தி வைத்து விழுந்தும் பட்ட சின்ன வெட்டுதான், பிறகு மீன் இழுக்கும்போது கம்பை உடைக்கும். நல்ல வெளிச்சத்தில் கம்பை மெதுவாக உருட்டிக்கொண்டே பாருங்கள், விரலால் தடவுங்கள். கீறல் வார்னிஷோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே நார் தெரிந்தால் அந்தக் கம்பை நம்பிப் போகாதீர்கள்.

வளையங்கள் முக்கியம். காதுக் குச்சியையோ பஞ்சையோ ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு நார் ஒன்று அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த வளையம் நரம்பைக் கத்தி மாதிரி வெட்டும். நுனி வளையம் என்றால் வீட்டிலேயே மாற்றலாம்: மெழுகுவர்த்தி வெப்பத்தை உலோகக் குழாயில் மட்டும் லேசாகக் காட்டினால் பழைய பசை இளகும், சுற்றிக் கழற்றி, அதே அளவு புது நுனியைச் சூட்டுப் பசையில் வைத்து, மற்ற வளையங்களுக்கு நேராகப் பார்த்துத் திருப்புங்கள். கம்பில் தீ நேராகப் படக் கூடாது. நடு வளையம் என்றால் நூல் சுற்றி எபாக்ஸி போட வேண்டும், பொறுமை இருக்கிறவர்கள் செய்யலாம்.

கார்க் பிடியில்தான் நம் ஊர்ப் பூசணம் கரும்புள்ளியாகக் குடியேறும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பும் மெல்லிய ஸ்கிரப்பரும் வைத்துத் தேய்த்துக் கழுவி, நிழலில் காய விடுங்கள். குழி விழுந்திருந்தால் பழைய பாட்டில் கார்க்கை உரசி எடுத்த தூளை மரப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாள். ரெண்டு துண்டு சேர்கிற மூட்டில் எண்ணெய் போடாதீர்கள். அழுக்கைத் துடைத்துவிட்டு வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள், பிடிப்பும் இருக்கும், பிரிக்கவும் வரும்.

இதையும் சொல்லியாக வேண்டும். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். நம் அணைகளைச் சுற்றி உயர் மின்கம்பிகள் நிறைய, தேயிலைத் தோட்டத்துக்குள் தாழ்வாகத் தொங்குகிற லைனும் உண்டு. கம்பைப் பூட்டியபடி தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். இடி இடித்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு விலகி வந்துவிடுங்கள்.

முள், ஸ்பின்னர், ஈயம், தக்கை

ஈரமான ஒரு முள் போதும், பெட்டி முழுக்கத் துருப்பிடிக்க. எல்லா முள்ளையும் கொட்டி, துரு குழி விழுந்ததைத் தனியே ஒரு டப்பாவில் போட்டுக் கழித்துவிடுங்கள். மேலோட்டமான துரு என்றால் தேய்த்து எடுக்கலாம். கூர் இருக்கிறதா என்று பார்க்க, முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் கோடு போட்டு நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை. சின்ன அரத்தால் வளைவிலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் நாலைந்து தேய்ப்பு போதும், முன்னும் பின்னும் தேய்த்தால் முனை மழுங்கும். சின்ன மீன்களைத் திரும்ப விடுகிறவர்கள் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள், மீனுக்கும் காயம் குறையும், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும்.

ஸ்பின்னர், ஸ்பூன் என்கிற தகட்டுப் போலி இரைகள் எல்லாம் கறுத்திருக்கும். பித்தளை என்றால் புளியைக் கரைத்துத் தேய்த்தால் குத்துவிளக்குப் போலப் பளிச்சென்று ஆகும், ஆனால் புளி கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை பூக்கும். வெள்ளி முலாம் பூசியதில் புளி வேண்டாம், மெல்லிய துணியே போதும். மூன்று முனை முள் துருப்பிடித்திருந்தால் மொத்த ஸ்பின்னரையும் தூக்கிப் போடாதீர்கள், வளையத்தைத் திறந்து முள்ளை மட்டும் மாற்றினால் ஆயிற்று. தகடு தடையில்லாமல் சுற்றுகிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். ரப்பர் புழுக்களை நிறம் கலந்து வைக்காதீர்கள், ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும், சில பிளாஸ்டிக் பெட்டிகளையும் அவை இளக்கிவிடும்.

ஈயக் குண்டைப் பல்லால் கடித்து மூடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஈயம் விஷம். குறடு வைத்துக்கொள்ளுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தக்கையில் வண்ணம் உரிந்திருந்தால் தண்ணீர் ஊறும். ஒரு வாளித் தண்ணீரில் ஈயத்தோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள், நிமிர்ந்து நின்றால் சரி. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை வைத்திருந்தால் முனைகளில் நகப்பூச்சு ஒரு கை பூசிவிடுங்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு மூன்றைப் போடுங்கள். கடையில் தனியாகவும் கிடைக்கும். மலையில் இது ஆடம்பரம் அல்ல.

ஃப்ளை போடுகிறவர்களுக்கு

ஃப்ளை என்றால் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சித் தூண்டில், அதைப் போடுகிற ஆள் குறைவு என்பதால் சுருக்கமாக. 1907-ல் வில்சன் என்ற ஆங்கிலேயர் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகத்தை நிறுவிய காலத்திலிருந்து இந்த மலையில் ஃப்ளை கம்பு உண்டு. இன்னும் சில வீடுகளில் தாத்தா காலத்து மூங்கில் கம்புகள் இருக்கின்றன. அவற்றைக் கிடையாக வைக்காமல், துணி உறையில் தொங்கவிடுங்கள், வளையாது. ஃப்ளை நரம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புப் போட்டு, மென்துணியால் இழுத்துத் துடைத்து, விரிசல் இருக்கிறதா பாருங்கள். முன்னால் கட்டுகிற மெல்லிய நைலானைப் பழசு எதுவும் நம்பாமல் புதிதாகக் கட்டுங்கள். அமுங்கிப்போன ஃப்ளைகளைக் கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் குறட்டால் பிடித்துக் காட்டினால் இறகு மறுபடி விரியும், நன்றாகக் காய்ந்தபிறகே பெட்டியில் வையுங்கள். இறகை அந்துப்பூச்சி அரிக்கும். அந்துருண்டையைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கும். அதற்குப் பதில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற யாரிடமாவது காய்ந்த வேப்பிலை கொண்டுவரச் சொல்லலாம்.

வலை, கம்பூட், பை

வலையைக் கையால் இழுத்துப் பாருங்கள், இற்றுப்போயிருந்தால் முடிச்சிலேயே தெரியும். கம்பூட்டுக்குள் தண்ணீர் ஊற்றி வெளியே கசிகிறதா என்று பார்த்து, ஓட்டைக்குச் சைக்கிள் டியூப் ஒட்டுப் போடலாம். மழை விட்டும் சோலை ஓரங்களில் அட்டை கொஞ்ச நாள் இருக்கும், கிழிந்த கம்பூட்டோடு போகாதீர்கள்.

கெண்டைக்குப் போட்ட மைதா உருண்டை, புண்ணாக்கு மிச்சம் பையில் இருந்தால் முதல் வேலையாகக் கழுவுங்கள். எலி வரும் என்பது இருக்கட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி வீட்டுக் கதவையே உடைக்கிறது, புண்ணாக்குப் பையைத் திண்ணையில் தொங்கவிட்டு அதை அழைக்க வேண்டாம்.

ஊட்டி ஏரியில் நனைந்த வலையையும் கம்பூட்டையும் அப்படியே மேலே இருக்கிற அணைகளுக்கோ ஓடைகளுக்கோ எடுத்துப் போகாதீர்கள். பாசி, செடித் துண்டு, மீன் நோய் எல்லாம் ஈரத்தில்தான் பயணம் செய்யும். முழுசாகக் காய்ந்தால் போதும்.

கடைசியாக

எல்லாவற்றையும் பூட்டி, நரம்பை வளையங்கள் வழியாக விட்டு, நுனியை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி, கம்பை வளைத்து டிராக்கைச் சரிபாருங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே ஸ்பூல் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். எட்டுப் பவுண்டு நரம்பு என்றால் ஒரு கிலோ சுமாருக்கு. திக்கித் திக்கி இல்லாமல் ஒரே சீராகப் போகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள், விட்டுவிட்டு வந்தால் வாஷரை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அனுமதிச் சீட்டை மறக்காதீர்கள். எந்த நீர்நிலையில் இந்த வருஷம் பிடிக்கலாம், எந்தத் தேதிகளில், எந்தத் தூண்டிலில், எத்தனை மீன் எடுக்கலாம் என்பதையெல்லாம் ஊட்டி மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், போன வருஷம் இப்படித்தான் என்று யாரும் சொல்வதை வைத்துக் கிளம்பாதீர்கள். அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியும் தனியாக வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போகிற எண்ணமே வேண்டாம். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது, சனிக்கிழமை காலை கிளம்புகிற திட்டம் என்றால் வியாழக்கிழமையே போய் வேலையை முடித்துவிடுங்கள்.